பீலி வளைவில் நிற்கும் வேன்

எங்கள் வேனுக்கு என் மகளைவிட வயது அதிகம். மகளே உயர்தரப் பரீட்சை எழுதும் வயதுக்கு வந்துவிட்டாள் என்றால் வேனைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பழைய டீசல் வண்டி. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சர் கிடையாது. டேங்கிலிருந்து டீசலை உறிஞ்ச ஒரு பம்பு, அழுக்கைப் பிடிக்க ஒரு பில்டர், எஞ்சினுக்குள் பீய்ச்சி அடிக்க நாலு இஞ்செக்டர். அவ்வளவுதான் அதன் சங்கதி. அதில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் ஹட்டனுக்குப் போய், பள்ளி விடும்வரை அங்கேயே காத்திருந்து கூட்டிக்கொண்டு வருவது என் வேலை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேன் ஓட்டும் பெண் நான் ஒருத்திதான். அதனால் வேன் ஒரு தும்மல் போட்டாலும் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் செய்தியாகிவிடும்.

போன வருடம் ஆயுத பூசை முடிந்த மறுநாளே அது தும்மத் தொடங்கியது.

காலையில் ஒரு குறையும் இல்லாமல் கிளம்பும். தோட்டத்து ரோட்டில் இறங்கி, வட்டவளையில் மெயின் ரோட்டைப் பிடித்து, ஹட்டன் பக்கம் ஏறத் தொடங்கும். வழியில் ஒரு வளைவு. மலைத் தண்ணீர் குழாயில் கொட்டும் ஒரு பீலி அங்கே இருப்பதால் அதைப் பீலி வளைவு என்போம். சரியாக அங்கே வந்ததும் வண்டிக்கு மூச்சு வாங்கும். எவ்வளவு மிதித்தாலும் இழுக்காது. இரண்டு உலுக்கு உலுக்கி நின்றுவிடும். சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றும், ஆனால் பிடிக்காது. இருபது நிமிடம் சும்மா விட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகி ஹட்டன் வரை ஓடும். இதே கூத்து தினமும் காலையில் நடந்தது; திரும்பி வரும்போது இறக்கம், ஒரு வம்பும் இல்லை.

அந்த நேரத்தில்தான் கொழுந்து பறிக்கும் பெண்கள் வளைவுக்கு மேலே உள்ள மலைக்கு ஏறுவார்கள். முதல் வாரம் பரிதாபப்பட்டார்கள். இரண்டாம் வாரம் கேலி.

“என்னாக்கா, எங்கள பாக்காம ஒரு நாளு இருக்க மாட்டீங்களோ?”

“ஆமா, ஒங்க மூஞ்சியப் பாத்தாத்தான் என் வண்டிக்கு விடியுது!” என்று நானும் கத்துவேன். வாய் சிரிக்கும், வயிறு எரியும்.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மாட்டுவது வீட்டுக்காரர்தான். அவர் தோட்டத்து ஃபெக்டரியில் வேலை. பூசைக்கு வேனைக் கழுவுகிறேன் என்று எஞ்சினுக்கெல்லாம் தண்ணீர் அடித்தார், அதனால்தான் என்று பிடித்துக்கொண்டேன். அடுத்து பெற்றோல் செட்காரன் டீசலில் தண்ணீர் கலந்துவிட்டான் என்றேன். பிறகு, கண்பட்டுவிட்டது என்று முடிவுக்கு வந்தேன். படாமல் என்ன செய்யும்? அந்தப் பூசைக்கு வேன் அப்படி ஒரு அழகு. ஸ்டியரிங், கண்ணாடி, நாலு சக்கரம், கதவுகள், எஞ்சின் என்று எண்ணி இருபத்தொரு இடத்தில் சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்திருந்தேன். முந்திய வருடம் வைத்த பொட்டெல்லாம் வட்டவளை மழையில் கரைந்து, வேன் அடிபட்டு ரத்தம் ஒழுக வருகிற மாதிரி தெருவில் போனது. இந்தத் தடவை ஒரு பொட்டுகூடக் கரையவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். கண்பட்டதற்கு எலுமிச்சங்காயும் மிளகாயும் கோத்துக் கட்டினேன். வேன் எலுமிச்சங்காயோடு சேர்ந்து பீலி வளைவில் நின்றது.

பள்ளிக்கு இருபது நிமிடம் பிந்துவதை ஒரு மாதிரி சமாளிக்கலாம். ஆனால் நவம்பரில் உயர்தரப் பரீட்சை. எங்கள் தோட்டத்து டிவிசனிலிருந்து ஒரே வருடத்தில் மூன்று பேர் எழுதப் போகிறார்கள், மூன்று பேரும் பெண்பிள்ளைகள், அதில் ஒருத்தி என் மகள். ஆறாம் வகுப்பிலிருந்து மூன்றையும் ஏற்றி இறக்கியவள் நான். பரீட்சைக்கும் நானே கூட்டிப்போவேன் என்று மற்ற இரண்டு அம்மாக்களிடமும் வாக்குக் கொடுத்திருந்தேன். முந்திக் கிளம்பலாம்தான், ஆனால் அன்றைக்கு இருபது நிமிடத்தில் எழும்பாவிட்டால்? பரீட்சை மண்டபத்தில் போய், வண்டிக்கு மூச்சு வாங்கியது, இருபது நிமிடம் பொறுங்கள் என்று சொல்ல முடியுமா?

முதல் பேப்பர் திங்கட்கிழமை. அதற்கு முந்திய வியாழக்கிழமை, அந்த இரண்டு அம்மாக்களில் பக்கத்து லயத்துக்காரி வாசலுக்கு வந்தாள். கொழுந்துக் கூடையைக்கூட இறக்கவில்லை.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. திங்கக்கெழம மட்டும் புள்ளைய நாங்க ஆட்டோவுல அனுப்பிக்கிறோமே.”

“அதுக்கென்னா, தாராளமா அனுப்புங்க” என்று சிரித்தேன். அவள் போனதும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை, அதுதான் அழுகையாக வந்தது. இத்தனை வருடம் கூட்டிப்போன பிள்ளை, கடைசியில் முக்கியமான நாளில் என் வண்டியை நம்பாமல் வேறு வண்டியில் போகப் போகிறது.

இதற்குள் நான் ஹட்டனில் நாங்கள் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணனின் கராஜுக்கு மூன்று தடவை போயிருந்தேன். நானா நிதானமான மனுசன், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். முதல் தடவை பில்டரை மாற்றினார். குழாயில் காற்றுப் புகுந்திருக்கும் என்று ஒரு திருகாணியைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை டீசலை வெளியே விட்டார். இரண்டாம் தடவை நாலு இஞ்செக்டரையும் கழற்றிச் சோதித்தார். நாலும் பனிமூட்டம் மாதிரி மெல்லிசாக அடித்தன. மூன்றாம் தடவை தானே ஓட்டிப் பார்த்தார். கொட்டகலை வரை போய்த் திரும்பினார். வண்டி குதிரையாக ஓடியது. டொக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போன பிள்ளை மாதிரி.

“நல்லாத்தானே ஓடுது தங்கச்சி?”

“அப்ப என்கிட்ட மட்டுந்தான் சண்ட புடிக்குதா?” என்று சீறினேன். நானா கோபிக்கவில்லை. மிச்சம் இருப்பது பம்பு ஒன்றுதான், அதைக் கழற்றிக் கண்டிக்கு அனுப்பினால் பத்து நாள் எடுக்கும் என்றார். பத்து நாளில் பாதிப் பரீட்சை முடிந்துவிடும். என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே சொன்னார்:

“கழட்டுறதுக்கு முந்தி ஒரு வேல செய்வோம். வண்டி இங்க வந்தா நல்லாயிருது. அதனால நின்ன எடத்துல வச்சே எனக்கு போன்ல கோல் எடுங்க. ஒண்ணையும் தொடாதீங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்காரரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு பரீட்சித்துப் பார்க்கக் கிளம்பினேன். ஆட்டோ பேசப் போன அம்மாவையும் வம்பாகக் கூப்பிட்டேன். ஓடினால் அவள் கண்ணாலேயே பார்க்கட்டும், நின்றால் ஆட்டோவுக்குச் சொல்லிவிடட்டும் என்று. தூறலில் இறங்கினோம், வட்டவளையில் திரும்பினோம், ஏறினோம். பீலி வளைவு வந்தது. இரண்டு உலுக்கு. நின்றது. பின்சீட்டிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

நானாவுக்குக் கோல் எடுத்தேன். சீட்டைத் தூக்கச் சொன்னார். எங்கள் வேனுக்கு எஞ்சின் சீட்டுக்கு அடியில்தான்.

“பில்டருக்கு மேல ஒரு ரப்பர் குமிழ் இருக்குல்ல, அத அமுக்குங்க.”

“அமுக்கிட்டேன்.”

“மேல எழும்புதா?”

“இல்லீங்க நானா. அமுங்குனபடியே கெடக்கு.”

நானாவின் குரலே மாறிவிட்டது. “பம்புல ஒரு கோளாறும் இல்ல தங்கச்சி! பம்பு இழுக்குது, டேங்குதான் குடுக்க மாட்டேங்குது. போன கையில வச்சுக்கிட்டே போயி டேங்க் மூடியத் தொறங்க.”

போய் மூடியைத் திருகினேன். ஸ்ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். ஓடிவந்து தண்ணீர் குடித்தவன் மூச்சை இழுக்கிற மாதிரி டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. சத்தம் போனில் கேட்டு நானா கைதட்டினார். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும், அதற்காக மூடியின் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், அது அடைபட்டால் பிளாஸ்டிக் போத்தலை வாயில் வைத்து உறிஞ்சினால் சப்பிப்போகிற மாதிரி டேங்க் இறுகிக்கொள்ளும் என்றார். மூடி இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றுப் போக இருபது நிமிடம் எடுத்திருக்கிறது.

“ஒவ்வொரு தடவையும் என்கிட்ட வர்றதுக்கு முந்தி டீசல் அடிச்சீங்களா?”

அடித்தேன். தினமும் அடிப்பேன். நாட்டில் தட்டுப்பாடு வந்து டீசலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்திலிருந்து, ஹட்டன் போனால் கொஞ்சமாவது ஊற்றிக்கொண்டு வராவிட்டால் எனக்கு மனது ஆறாது. நான் சீட்டை விட்டு இறங்குவதில்லை; செட் பையன் ஊற்ற மூடியைத் திறந்ததும் வண்டியின் வருத்தம் தீர்ந்துவிடும். நானாவிடம் நான் கொண்டுபோனதெல்லாம் சுகமான வண்டி.

“சரி, மூடியப் பாருங்க. ஓட்டைய என்னா அடைச்சிருக்கு? மண்ணா?”

பார்த்தேன். மண் இல்லை. மூடியின் நட்ட நடுவில், வட்டமாக, அழகாக, குங்குமம் வைத்த ஒரு சந்தனப் பொட்டு.

வரிசையில் நின்ற நாட்களில் எங்களுக்கு டீசலைவிடப் பெரிய சாமி இருக்கவில்லை. அந்த நன்றியில்தான் இருபத்தொன்றாவது பொட்டை டேங்க் மூடிக்கு வைத்தேன். நடுவில் சின்னதாக ஒரு பள்ளம் இருந்தது, பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி. மற்றப் பொட்டுகளைவிடக் கொஞ்சம் கனமாகவே அப்பினேன்.

வீட்டுக்காரர் நகத்தால் சுரண்டினார். வரவில்லை. “என்னாடி இது, கல்லு மாதிரி இருக்கு? சந்தனம் இப்புடி ஒட்டாதே!”

சொல்லாமல் தப்ப முடியவில்லை. “மழையில கரையாம இருக்கட்டும்னு புள்ளையோட ஸ்கூல் பசைய கலந்தேன்.”

மனுசன் பீலிச் சுவரில் சாய்ந்து சிரித்தார். எஞ்சினுக்குத் தண்ணீர் அடித்ததாக மூன்று வாரம் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர், சிரிக்க அவருக்கு முழு உரிமை இருந்தது. போனில் நானா சிரித்துச் சிரித்து இருமினார். ஆட்டோ பேசப் போன அம்மா வேனிலிருந்து இறங்கி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தன் தலையிலிருந்த ஊசியை எடுத்து நீட்டினாள்.

“இந்தாங்கக்கா, குத்துங்க. நாளைக்கு எத்தன மணிக்கு எடுப்பீங்க?”

அந்த ஊசியால்தான் ஓட்டையைக் குத்தித் திறந்தேன்.

திங்கட்கிழமை நல்ல மழை. மூன்று பிள்ளைகளும் மடியில் நோட்டை விரித்து வைத்திருந்தார்கள், ஆனால் பீலி வளைவு நெருங்கியபோது ஒருத்தியும் படிக்கவில்லை. நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன். வேன் வளைந்தது, இழுத்தது, ஏறியது, தாண்டியது. பின்னால் மூன்றும் கூச்சல் போட்டன. மலைக்கு ஏறிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்து, நாங்கள் நிற்காததைக் கண்டு, மழைக்குப் போர்த்தியிருந்த கொங்காணியை அவிழ்த்து ஆட்டினார்கள். “அக்கா, எங்கள மறந்துட்டீங்களா!” என்று ஒருத்தி கத்தினாள். ஹோர்னை அழுத்திக்கொண்டே போனேன். அப்படி ஒரு சந்தோசம் எனக்கு லைசன் கிடைத்த அன்றுகூட வரவில்லை.

நேரத்துக்கு அரைமணி முந்தியே மண்டபத்து வாசலுக்குப் போய்விட்டோம். கோயில் சந்தனத்தைச் சின்ன டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். மூன்று பேரும் வரிசையாக நெற்றியைக் காட்டினார்கள். என் மகள் கடைசி. என் விரல் நெற்றிக்குப் போனதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, இது வெறுஞ் சந்தனந்தானே? உள்ள போனதும் மூள அடைச்சிராதே?”

அங்கே நின்ற மற்றப் பிள்ளைகளெல்லாம் முகம் வெளிறிப் போயிருக்க, எங்கள் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சிரித்தபடி உள்ளே போயின. அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை நின்றேன். பிறகு வேனுக்கு வந்து, டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். சத்தம் வரவில்லை.