சவரம் செய்யாத கழுத்து

சனிக்கிழமை காலையில் நீராவிக் குளியல் கொட்டகைக்கு நெருப்பு மூட்டுவதற்கு முன்னால் ஆர்த்தமோன் ஜிப்புக்கு மெழுகு தேய்த்தாக வேண்டும். அவருடைய முங்கு உடுப்பின் முதுகில் தோளுக்குத் தோள் குறுக்கே ஓடும் தடித்த பித்தளை ஜிப் அது. பழைய பல் பிரஷ்ஷால் இடுக்கில் கிடக்கும் மணலைக் கிளறி எடுத்துவிட்டு, தேன்மெழுகுக் கட்டியால் மேலும் கீழும் உரசுவார். பிறகு கழுத்துப் பட்டி, இரண்டு மணிக்கட்டுப் பட்டிகள். மூன்றும் மெல்லிய ரப்பர். அவற்றுக்கு டால்கம் பவுடர், அதுவும் வாசனை இல்லாதது. மருந்துக்கடைப் பெண் முதல் தடவை "பேரப்பிள்ளைக்கா?" என்று கேட்டாள். "இல்ல, எனக்குத்தான். கழுத்துக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். அவள் அவருடைய கழுத்தைத் தேடியிருப்பாள். நெஞ்சு வரை தாடி தொங்குகிற மனிதரிடம் கழுத்து எங்கே தெரிகிறது?

உடுப்பின் பெயர் யுக்கா. பின்லாந்துத் துறைமுகம் ஒன்றில் முங்குவேலை பார்த்த யாரோ ஒருவருடைய பெயர் அது. கழுத்தின் உட்புறம் மையால் எழுதியிருக்கிறது. ஒரு காலத்தில் ஆரஞ்சு நிறமாக இருந்த டிரை சூட். உள்ளே கம்பளி உடுப்போடு ஆள் இறங்கினாலும், உறைகிற தண்ணீரில் சொட்டு ஈரம் படாமல் மிதக்க வைக்க வேண்டியது அதன் வேலை. இப்போது வெளுத்த கேரட் நிறம், முழங்காலில் மூன்று ஒட்டு, கவட்டையில் ஒன்று. "யுக்கா இன்னிக்கு எப்படி இருக்கான்?" என்று எங்கள் ஏரிக்கரைத் தெருவே விசாரிக்கும். எஸ்தோனியாவின் பெய்ப்சி ஏரியை ஒட்டி ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே தெரு. ஒரு கோடியில் தும்மினால் மறு கோடியில் மருந்து சொல்வார்கள்.

வாங்கப் போன கதையை ஆர்த்தமோனே ரசித்துச் சொல்வார். பையில் மூன்று லிட்டர் ஊறுகாய் ஜாடி ஒன்று, எலுமிச்சை பானப் பாட்டில் இரண்டு. இவற்றோடு நான்கு மணி நேரம் பஸ்ஸில் தலைநகருக்குப் போனார். விற்கிறவன் வீட்டு முற்றத்தில் உடுப்பை விரித்து, கழுத்தில் ஜாடியையும் கைகளில் பாட்டில்களையும் செருகினார். அவனுடைய வேக்குவம் கிளீனரையே கடன் கேட்டு, குழாயைத் திருப்பி மாட்டிக் காற்றை ஊதினார். யுக்கா கை காலை விரித்துக்கொண்டு உப்பி எழுந்ததும் மேலெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினார். குமிழி வந்த இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு வட்டம்.

"பழசுன்னு சொல்லித்தானே விக்கறேன்" என்று அவன் முறைத்தான்.

"பழசா இருந்தா தப்பில்ல தம்பி. ஓட்டைன்னா ஓட்டைன்னு சொல்லணும்ல?" என்றார் இவர்.

பதினோரு வட்டம் போட்டு, விலையை முக்கால்வாசிக்கு இறக்கிக் கொண்டுவந்து சேர்த்தார். ஒட்டு காய்வதற்குக் கதகதப்பான இடம் வேண்டும் என்பதால் இரண்டு நாள் கட்டிலில் யுக்காதான் படுத்திருந்தான்.

"அவனையே கட்டிக்கிட்டு குடும்பம் நடத்து" என்று சொல்லிவிட்டு மனைவி உல்யானா தலையணையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அவளுக்குக் கோபம் கட்டில் போனதற்காக அல்ல. அதற்கு முந்தின மார்ச்சில்தான் இந்த ஏரி அவளுடைய தம்பி சவேலியை எடுத்திருந்தது.

மீன் பிடிக்கப் போன சவேலி நின்ற பனிப்பாளம் பிளந்து, கரையிலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி மிதந்துபோனது. படகெல்லாம் இன்னும் பனியில் இறுகிக் கிடந்த சமயம். நகரத்திலிருந்து மீட்புக் குழு வந்து சேர ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. உருகிச் சொதசொதத்த சாலையில் அதற்குமேல் வேகமாக வர யாராலும் முடியாது. ஆர்த்தமோன் போட்டிருந்த துணியோடு நெஞ்சு மட்டும் இறங்கினார். நான்கு பேர் சேர்ந்து அவரை இழுத்துக் கரையில் போட்டார்கள். சவேலி முதலில் கையை ஆட்டினான், பிறகு உட்கார்ந்தான், பிறகு பாளத்தின் மேல் ஆள் இல்லை. அதை ஆர்த்தமோன் இன்றுவரை யாரிடமும் கதையாகச் சொன்னதில்லை.

அதனால்தான் யுக்கா. மீட்புத் தொண்டர் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. அதில் பேர் இருந்தால் கையில் ரேடியோ கிடைக்கும், பனிமேல் யாரும் போகக் கூடாது என்று தடை போட்ட பிறகும் ஏரிக்குள் இறங்கலாம். இல்லாவிட்டால் கரையில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். எங்கள் தெருவிலிருந்து பட்டியலில் ஒருவர்கூட இல்லை. சொந்த உடுப்போடு வருகிறவர், வெட்டிய பனிக்குழியில் அரை மணி நேரம் கிடந்து, உள்ளே நனையாமல் வெளியே வந்து காட்ட வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

ஜனவரியில் நடந்த முதல் பரீட்சையில் ஆர்த்தமோன் மானம் போனது. எட்டாவது நிமிடம் தலையைத் திருப்பினார், கழுத்துப் பட்டி டர்ரென்று கிழிந்தது. இடுப்பு வரை தண்ணீர் நிரம்பி, கன்றுக்குட்டி மாதிரி கயிறு கட்டி இழுத்தார்கள். பரீட்சை அதிகாரி மார்குஸ் நல்ல பிள்ளை, முப்பத்தைந்து வயது, எஸ்தோனியன், மழமழவென்ற முகம். குளிரில் ஆடிக்கொண்டிருந்தவருக்குத் தன் போர்வையைப் போர்த்திவிட்டு மரியாதையாகத்தான் சொன்னான்.

"தாடிதாங்க காரணம். முடி மேல ரப்பர் உக்காராது. சவரம் பண்ணிட்டு வாங்க, மார்ச்சுல இன்னொரு தடவை பாக்கலாம்."

"நடக்காது" என்றார் ஆர்த்தமோன், பல் தந்தியடிக்க.

எதற்கும் அவருடைய முதல் பதில் அதுதான். தேநீர் வேண்டுமா என்று கேட்டாலும் "நடக்காது" என்று சொல்லிவிட்டுத்தான் தட்டில் ஊற்றி உறிஞ்சுவார். ஆனால் இந்த நடக்காது வேறு. நாங்கள் பழைய விசுவாசக்காரர்கள், தாடி மழிப்பதைப் பாவமாக நினைக்கும் பழைய முறைக் கிறிஸ்தவர்கள். முகத்தில் கத்தி படாமலிருக்க முந்நூறு வருஷத்துக்கு முன் நாட்டையே விட்டு இந்தக் கரைக்கு ஓடிவந்தவர்களின் பிள்ளைகள். ரப்பர் பட்டிக்காக அதை விடுவதா?

கிழிந்தது ஏன் என்பது ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. விற்றவனுக்கு போன் போட்டுச் சண்டைக்குப் போனார். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "கழுத்துல ஏதாவது கொழுப்பு கிழுப்பு தடவினீங்களா?"

தடவாமல்? பனிக்காற்றுக்கு முகத்தில் வாத்துக் கொழுப்பு தடவாமல் எங்கள் தெருவில் எவன் ஏரிக்குப் போகிறான்? தாடிக்கும் ரப்பருக்கும் நடுவே தண்ணீர் நுழையாமல் இருக்கட்டும் என்று இவர் இரண்டு கை அள்ளி அப்பியிருந்தார். கொழுப்பு ரப்பரைத் தின்றுவிட்டது. பட்டி கையில் ஒட்டும் பசையாகிக் கிடந்தது.

"அது என் முட்டாள்தனம். ஒத்துக்கறேன்" என்று மீன் சந்தையில் நின்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். "ஆனா முட்டாள்தனம் என்னுது, தாடியோடது இல்ல."

புதுப் பட்டி வரவழைத்து, அதே ஊறுகாய் ஜாடியின் மேல் மாட்டி, சுருக்கம் விழாமல் ஒட்டினார். அன்றிலிருந்து கொழுப்பும் இல்லை, களிம்பும் இல்லை. கன்னம் வெடித்து ரத்தம் கசிந்தாலும் தொடுவதில்லை.

ஜெபவீட்டுப் பெரியவர் சிசோய் ஒரு நாள் வீடு தேடி வந்தார். நிறைய யோசித்துவிட்டு வந்திருக்கிறார், பாவம்.

"ஆர்த்தமோன், உயிரைக் காப்பாத்தற காரியம் இது. கழுத்துப் பக்கம் மட்டும் கொஞ்சம் எடுத்துக்கோ. நாப்பது நாள் விழுந்து கும்பிட்டா ஆண்டவர் கணக்குல வெக்க மாட்டார். நான் சொல்றேன்ல."

"நடக்காதுங்கய்யா."

"நானே சொல்றேன்டா!"

"நீங்க சொல்லிட்டீங்க. சவேலி உடம்பு கரை ஒதுங்கினப்ப அந்தத் தாடியோடதான் புதைச்சேன். நான் கத்தியைத் தூக்கினா அவன் முகத்துல எப்படிய்யா முழிப்பேன்? அதோட, சரைச்சா ரெண்டாம் நாள் முள்ளு முளைக்கும். முள்ளு மேல ரப்பர் உக்காருமா? ஐஸ் எப்ப உடையும்னு தினம் சரைச்சுக்கிட்டே உக்காந்திருக்கவா?"

பெரியவர் தேநீர் கொதிக்கும் சமோவார் ஆறுகிற வரை உட்கார்ந்திருந்துவிட்டு, "உங்கப்பனும் இப்படித்தான்" என்று எழுந்து போனார்.

முதுகு ஜிப்பைத் தானே போட்டுக்கொள்ள முடியாது, பின்னாலிருந்து இன்னொருவர் இழுக்க வேண்டும். உல்யானா தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆகவே பிப்ரவரி முழுக்க ஆர்த்தமோன் அந்தக் கேரட் கோலத்தில் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். தபால்காரி, பால் வண்டிக்காரன், யார் போனாலும் "கொஞ்சம் இழுத்து விட்டுட்டுப் போங்க" என்பார். இழுத்துவிட்டதும் நேரே ஏரிக்குப் போய்க் குழியில் இறங்குவார். பத்து நிமிடத்தில் முடிக்குள் நூல் பிடித்ததுபோல் தண்ணீர் இறங்கும். வீடு திரும்பி, ஈரக் கம்பளியைப் பிழிந்து கொடியில் போடுவார். மறுநாளும் போவார். பட்டியை இறுக்கிப் பார்த்தார், தாழ்த்திப் பார்த்தார், தாடியைச் சாக்குப்பையில் கட்டிப் பார்த்தார். தெரு சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று அந்த மனிதர் ஒரு நாள்கூட நிறுத்தவில்லை.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது உல்யானா சமையலறையில் கடைசி வெங்காயங்களைச் சரமாகப் பின்னிக்கொண்டிருந்தாள். எங்கள் மண்ணில் விளைவது வெங்காயம், அதன் காய்ந்த தாளை நூலோடு சேர்த்துப் பின்னுவதில் அவள் விரலுக்கு ஈடில்லை. கொடியில் சொட்டிக்கொண்டிருந்த கம்பளியைப் பார்த்தாள். அதை எத்தனையாவது தடவையாகப் பிழிகிறாரோ அந்த மனிதரையும் பார்த்தாள்.

"யோவ், இங்க வந்து உக்காரு. மூஞ்சியைத் தூக்கு."

"எதுக்கு?"

"தூக்குன்னா தூக்கு."

ஐம்பத்தாறு வயதுவரை கத்தி படாத கழுத்து முடி, ஒரு சாணுக்கு மேல் நீளம். அதை அடியிலிருந்து கொத்துக் கொத்தாக எடுத்து, மேல்நோக்கி இறுக்கிப் பின்ன ஆரம்பித்தாள். வெங்காய நூலைச் சேர்த்து, தாடையைச் சுற்றி ஏற்றி, உச்சந்தலையில் கொண்டுபோய் முடிச்சுப் போட்டாள். கீழே, சட்டைக் காலருக்குச் சற்று மேலே, வெள்ளைவெளேரென்று நான்கு விரல் அகலத்துக்கு வெறும் தோல் தெரிந்தது. வெட்டியிருந்தால் முள் நிற்கும். நீளமாக இருந்ததால்தான் தூக்கிக் கட்ட முடிந்தது.

"ஐயோ, வலிக்குதுடி!"

"வலிக்கட்டும். என் தம்பிக்கு வலிக்கலையா?" என்றாள். சொன்னவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்த அழுகை. அவர் தலையை அசைக்க முடியாமல், மேல்கூரையைப் பார்த்தபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போ. போய் எவனையாவது காப்பாத்திக் கொண்டா. ஆனா ஒண்ணு, நீ நனைஞ்சு வந்தே, நானே உன்னைக் கொன்னுடுவேன்."

பரீட்சையன்று காலை அவளே ஜிப்பை இழுத்துவிட்டாள். துறையில் தெரு மொத்தமும் கூடியிருந்தது. உச்சந்தலையில் குடுமி, கன்னமெல்லாம் பின்னல், சந்தைக்கு அனுப்பக் கட்டிய மூட்டை மாதிரி நடந்து வந்தவரைப் பார்த்ததும் மார்குஸ் பேனாவைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"நான் சவரம் பண்ணச் சொன்னேன்."

"நீ நனையக் கூடாதுன்னு சொன்னே தம்பி. மத்தது என் கழுத்து. கடிகாரத்தைப் பாரு."

குழியில் இறங்கினார். பத்து நிமிடம். அந்தப் பத்தில்தான் தினமும் தண்ணீர் இறங்கும்; உல்யானா தலைத்துணி முனையைக் கடித்துக்கொண்டு நின்றாள். இருபது. ஏரிக்காற்று வாளாக வீசியது. மார்குஸ் நகரத்து ஷூவோடு வந்திருந்தான், கையுறையைக் காரில் விட்டுவிட்டான், ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றான்.

"அரை மணி ஆச்சு. மேல வாங்க."

ஆர்த்தமோன் மல்லாந்து மிதந்தார். வரவில்லை.

"அண்ணே, முடிஞ்சுபோச்சு, வாங்க" என்று கரையிலிருந்து குரல் கொடுத்தார்கள்.

"இருக்கட்டும்."

"இதுக்கு மேல விதியில கிடையாதுங்க" என்றான் மார்குஸ். தாடை நடுங்கியது.

"விதியில இல்ல. என் மச்சான் நின்னான். கையை ஆட்டிக்கிட்டு நின்னான், வண்டி வர ஒரு மணி பத்து நிமிஷம் ஆச்சு. அவ்வளவு நேரம் தாங்கலைன்னா இந்த உடுப்பு எதுக்கு, நான் எதுக்கு? நீயும் நில்லு தம்பி."

சிரிக்க வந்த தெரு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. மார்குஸ் காரில் போய் உட்கார்ந்திருக்கலாம், யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். அவன் போகவில்லை. விறைத்த விரல்களில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கடைசி நிமிடம்வரை நின்று, பிறகு தலையை மட்டும் அசைத்தான்.

ஆர்த்தமோன் கயிற்றைப் பிடித்துத் தானாக ஏறி வந்தார். உல்யானா ஜிப்பைத் திறந்தாள். பனிமேல் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து யுக்காவை உரித்துக் கீழே தள்ளிவிட்டு, இடது காலின் கம்பளிக் காலுறையைக் கழற்றி, "பாத்து எழுதிக்கோ" என்று மார்குஸிடம் நீட்டினார். காலுறையிலிருந்து உடம்புச் சூடு ஆவியாகப் பறந்தது. மார்குஸ் அதை இரண்டு கையாலும் வாங்கித் தடவிப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், சொட்டு ஈரம் இல்லை. பார்த்த பிறகும் கீழே வைக்கவில்லை. நீலம் பாரித்த விரல்களை உள்ளே நுழைத்துக்கொண்டு அப்படியே நின்றான். பேனா பனியில் விழுந்து கிடந்தது. ஆர்த்தமோன் ஒரு நிமிடம் அவனையே பார்த்தார். பிறகு குனிந்து வலது காலுறையையும் உருவி, அவனுடைய மற்றக் கையில் தானே மாட்டிவிட்டார்.