ஒரு மிடறும் பதினொரு கறைகளும்

பிளாஸ்டிக் ஸ்ட்ராவை ஒழித்தே தீருவது என்று நான் கிளம்பிய மாதத்தில் எங்கள் கம்பெனியில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை.

எங்கள் பனியன் நகரத்து ராயபுரத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங், பேக்கிங் இரண்டையும் பார்க்கிறேன். மற்ற நேரங்களில் வசன கவிதை எழுதுகிறேன். மற்ற நேரம் என்பது பெரும்பாலும் வேலை நேரம்தான். ஐம்பதைத் தொட்ட ஆளுக்கு முழங்கால் வலிக்கும், இல்லையென்றால் உலகம் வலிக்கும். எனக்கு இரண்டும். ஒருநாள் சாக்கடையில் மிதந்துபோன ஸ்ட்ரா ஒன்றைப் பார்த்து நின்றுவிட்டேன். உதட்டில் ஒரு மிடறு நேரம். மண்ணில் ஒரு யுகம். கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு வீட்டுக்குப் போய் அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். குனிந்து அதை எடுக்கத் தோன்றவில்லை.

அந்தச் சமயம் பார்த்து, பிளாஸ்டிக் எதிர்ப்பு நடைபயணம் ஒன்றுக்கு வெள்ளை டீ-ஷர்ட் ஆர்டர் வந்தது. முதுகில் அடிக்க ஒரு வாசகம் வேண்டும் என்றார் முதலாளி. "நீங்கதான் எழுதறீங்களே, சட்டுனு ஒண்ணு குடுங்க." கொடுத்தேன்: 'ஒரு மிடறுக்கு ஒரு யுகமா?'

செக்கிங் மேசையில் மூத்தவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அச்சாகி வந்ததை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"மிடறுன்னா என்னண்ணே?"

"ஒரு வாய் குடிக்கிறது."

"அப்ப ஒரு வாய்னே போட்டிருக்கலாம்லா?"

"அதில் கவிதை இல்லை."

"சரி. இதையும் ஒவ்வொண்ணா பிளாஸ்டிக் கவர்லதான போடணும்?"

"ஆமா."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு வேலையைப் பார்த்தார்.

கம்பெனி கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு அக்கா இளநீர் விற்கிறார். விடிந்ததும் மடத்துக்குளத்திலிருந்து காய் வந்து இறங்கும். எங்கள் பெண்களின் டீ பிரேக்கை நம்பித்தான் அந்தக் கடை. என் போர் அங்கே தொடங்கியது.

"ஏனுங்க சார், ஸ்ட்ரா இல்லாம புள்ளைக எப்படிங்க குடிக்கும்? மேலெல்லாம் ஊத்திக்குவாங்க."

"பேப்பர் ஸ்ட்ரா இருக்கிறதே அக்கா?"

"அதையுந்தான் வாங்கிப் பாத்தனுங்க. ரெண்டு இழுப்புல கூழாப் போயிருது. வழுக்கை திங்கறாப்புல இருக்குதுங்கறாங்க."

"அண்ணாந்து குடிக்க வேண்டியதுதான். பாருங்கள்."

பார்த்தார். கேட்டில் நின்றவர்களும் பார்த்தார்கள். காயைத் தூக்கி, கழுத்தைச் சாய்த்து, வானத்தை நோக்கி வாயைத் திறந்தேன். பாதி வாய்க்குள் போனது. மீதி தாடி வழியாக இறங்கியது. வெட்டிய மட்டையின் சாறும் சேர்ந்து மணிக்கட்டில் திரும்பி முழங்கை வரை ஓடியது.

"துண்டு வேணுங்களா சார்?"

"வேண்டாம்," என்றேன் கம்பீரமாக. அக்கா ஸ்ட்ரா கட்டை எடுத்துச் சாக்குக்கு அடியில் வைத்துவிட்டார். வெற்றி!

அந்த வேகத்திலேயே செக்கிங் மேசைக்கு வந்தேன். சூடு ஆறுவதற்குள் ஒவ்வொரு டீ-ஷர்ட்டாகத் தூக்கிப் பிடித்து, என் வாசகத்தை நானே ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினேன். பதினொரு முறை.

இளநீர்க் கறை உடனே தெரியாது. காய்ந்து, இஸ்திரிச் சூடு பட்ட பிறகு டீத்தூள் நிறத்தில் மெல்ல எழும்பும். எந்தச் சோப்புக்கும் அசையாது. மறுநாள் காலை பதினொரு உருப்படிகளில் எழும்பி நின்றது. முதலாளி ஒன்றைக் கையில் எடுத்தார்.

"யாரோ எளநி குடிச்சுட்டுக் கையக் கழுவாம வந்து தொட்டிருக்கறாங்க."

பெண்கள் தலை நிமிரவில்லை. துணியைத் தொடும் முன் கை கழுவுவது இங்கே முதல் நாளே சொல்லித் தரும் பாடம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லித் தருகிறவன் நான்.

"ஸ்ட்ரா இருந்த வரைக்கும் இந்தத் தொந்தரவு இல்லீங்க. அந்த அக்காவ வேற எடம் பாத்துக்கச் சொல்லீருங்க. பழக்கமானவரு, நீங்களே பதமாச் சொல்லுங்."

பதமாகச் சொல்லத்தான் கிளம்பினேன். மேசையிலிருந்து கேட் வரை ஐம்பது தப்படி இருக்கும். அதற்குள் மனம் ஒரு வரியைப் புரட்டத் தொடங்கிவிட்டது: 'மரத்தடி விட்டு மரத்தடிக்கு நடக்கிறது தாகம்.' ஒருத்தியின் கடையை எடுக்கப் போகிற வழியில் எனக்கு வரி வருகிறது! அடுத்த வரி வருவதற்குள், நல்லவேளை, கேட் வந்துவிட்டது.

அக்கா என்னைக் கண்டதும் சிரித்தார். "நீங்க சொன்னாப்புல ஸ்ட்ராவ நிறுத்திப்போட்டனுங்க சார். நேத்துப் பாதிப்பேரு திரும்பிப் போயிட்டாங்க. போகட்டுங்க, நல்லதுக்குத்தான சொல்றீங்க."

நான் வாயைத் திறந்தேன். முந்தின நாள் வானத்தைப் பார்த்துத் திறந்த அதே வாய். மூடிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

"அது நான்தானுங்க," என்றேன் முதலாளியிடம்.

"எது?"

"கறை."

"பதினொண்ணுமா?"

"பதினொண்ணும்."

திருநெல்வேலிக்காரர் நூல் பிசிறு வெட்டும் கத்தரியைக் கீழே வைத்தார். "எங்களுக்குக் காலையிலயே தெரியும்ணே. நீங்க தூக்கிக் காட்டுன உருப்படி பூராவும் ரெண்டு தோள்லயும் கட்டைவிரல் அச்சு கெடக்கு."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"நீங்களே சொல்லுதீங்களான்னு பாத்தோம்."

முதலாளி இருமல் வரும் வரை சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், மேசைப் பக்கம் நான் கை நீட்டக் கூடாது என்று உத்தரவு போட்டார். "கடை இருக்கட்டும். ஆனா மறுபடியும் மேல ஊத்திட்டு வந்தா?"

"நம்ம கேன்டீன் டம்ளர்ல ஊத்திக் குடுக்கச் சொன்னா முடிஞ்சுதுல்லா?" என்றார் திருநெல்வேலிக்காரர், கத்தரியை மறுபடி எடுத்துக்கொண்டே.

டம்ளர். வீட்டுக்குப் போய் அந்த நான்கு பக்கங்களையும் புரட்டிப் பார்த்தேன். கடல் இருந்தது, யுகம் இருந்தது, ஸ்ட்ரா குத்தி நின்ற ஆமையின் மூக்குகூட இருந்தது. டம்ளர் இல்லை.

கறைபட்ட பதினொன்றும் எனக்கே வந்து சேர்ந்தன. ஒன்றைப் போட்டுக்கொண்டு அடுத்த வாரம் டீ பிரேக்கில் வேப்பமரத்தடிக்குப் போனேன். பெண்கள் வரிசையாக எவர்சில்வர் டம்ளரோடு நின்றார்கள். அக்கா எல்லோருக்கும் சிந்தாமல் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது மட்டும் முதலில் துண்டை நீட்டினார்.