பாக்கியமக்கா நட்ட கல்

பாக்கியமக்கா இறந்த செய்தியை எனக்குத் தொலைபேசியில் சொன்னவர் எங்கள் கிராமச் சங்கத்தின் தலைவர். விடியக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்ததாம். அதைச் சொன்ன கையோடு, இரங்கல் பதாகையில் பிறந்த இடமாக எதைப் போடுவது என்று கேட்டார்.

"மலையகம் எண்டு போட்டால் ஒரு மாதிரி இருக்கும். இஞ்சயே பிறந்ததெண்டு போடுவமே?"

அவர் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் பெயரை நான் சொன்னேன். பதாகை வந்தபோது அந்த இடம் வெறுமையாக இருந்தது.

முன்பள்ளியில் அவரிடம் படித்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பல வருடம் அவரோடு சேர்ந்து அங்கே படிப்பித்தவள் நான். மலையகத்தில் இனக்கலவரத்தில் வீட்டை எரித்தபின் பெற்றோருடன் வன்னிக்கு ஓடிவந்த சிறுமி அவர். இங்கேயே வளர்ந்து பிள்ளை பெற்றும் பேச்சு மட்டும் மாறவில்லை. அவர் பேச்சைப் பிடித்துக்கொண்டுபோய் வீட்டில் அடிவாங்கிய பிள்ளைகளும் உங்களில் இருக்கிறீர்கள்.

சில வருடங்களுக்கு முன், ஊரின் வரலாற்றைச் சொல்லும் கற்களை நடுவதென்று சங்கம் தீர்மானித்தது. குளக்கட்டில் ஒன்று, கோயிலடியில் ஒன்று, சந்தியில் ஒன்று. சந்திக் கல்லுக்கான வாசகத்தைத் தலைவர் கூட்டத்தில் வாசித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் காடழித்து இந்த ஊரை உருவாக்கின என்றது அது. அந்தக் குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. பாக்கியமக்கா எழுந்து, காட்டை வெட்டியது தன் அப்பாவும் தோட்டத்திலிருந்து வந்த இன்னும் ஏழு பேரும் என்றார். அப்பா மரம் விழுந்து செத்ததையும் சொன்னார்.

தலைவர் கோபிக்கவில்லை. "கூலிக்கு வெட்டினவையின்ர பேரையும் போடுறதெண்டால், புல்டோசரின்ர பேரையும் போட வேணும்," என்றார்.

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை பாக்கியமக்கா நின்றார்.

"புல்டோசர் செத்தா யாரும் பொதைக்க மாட்டாங்க."

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். கல் தலைவர் வாசித்தபடியே நடப்பட்டது.

பாக்கியமக்கா தன் வேலியோரம், வீதியைப் பார்க்கத் தானே ஒரு கல் நட்டார். சீமெந்துப் பலகையில் எட்டுப் பெயர்கள். கீழே "காடு வெட்டியவர்கள்" என்று மட்டும். செத்தவர்களின் பெயரைக் கல்லில் எழுதினால் எங்கள் பக்கத்தில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அது போராளிகளின் நினைவுக்கல் என்று யாரோ முறைப்பாடு கொடுத்திருந்தார்கள். பொலிஸ் விசாரணைக்கு அவருக்குத் துணையாக நான் போனேன். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் எட்டுப் பேருக்கும் மரணச் சான்றிதழ் கேட்டார். ஒருவருக்கும் இல்லை. பிறகு, கடைசி யுத்தத்தில் காணாமல்போன அவருடைய மகனைப் பற்றி விசாரித்தார். மகனின் பெயரையும் இதற்குள் ஒளித்து வைத்திருக்கிறாயா என்று கேட்டார்.

"இல்லைங்க சார். அவன் செத்துட்டான்னு இன்னும் யாரும் எங்கிட்ட சொல்லலியே. எப்புடி எழுதுவேன்?"

அதிகாரி தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். அன்று பின்னேரம் பொலிஸ்காரர் வந்து கல்லைப் பிடுங்கி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உழவு இயந்திரம் தலைவருடையது.

மறுநாள் பாக்கியமக்கா வழமைபோல வந்து பிள்ளைகளுக்கு நிறங்களைச் சொல்லிக்கொடுத்தார். நெடுநாள் கழித்து, எங்கள் வயல் வரம்பால் இருவரும் நடந்து வரும்போது வடக்கு மூலையைக் காட்டினார்.

"எங்கப்பாவ அங்கதான் பொதைச்சோம்."

இத்தனை போகமும் அதை உழுது சாப்பிட்டவர்கள் நாங்கள். ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீங்க வெதைக்காம விட்டிருப்பீங்களா?"

அங்கே ஒரு கல் வைக்கட்டுமா என்றேன். வேண்டாம், அதையும் வந்து பிடுங்குவார்கள் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவருடைய செத்தவீடு முடிந்த கிழமை, அந்த மூலையை விட்டுவிட்டு உழும்படி என் கணவரிடம் கேட்டேன். "அது நல்ல மண்ணப்பா," என்றார் அவர். அந்த மூலையிலும் விதைத்தாயிற்று.

முத்தையா என்ற அவருடைய அப்பாவின் பெயரும், விதைக்காமல் விட்டிருப்பீர்களா என்ற அந்தக் கேள்வியும்தான் பாக்கியமக்காவிடமிருந்து என்னிடம் இருப்பவை. மூலையில் நெல் இப்போது சாண் உயரத்துக்கு நிற்கிறது.