எந்த எலும்போடும் சேராத எலும்பு

நம்பாதவர்கள் நம்பவேண்டாம். இத்தாலியில், பதுவா பல்கலைக்கழகத்தில் இது நடந்தபோது நான் முழு விழிப்போடு இருந்தேன். டிசம்பர் பதினொன்று. உடற்கூறியல் வாய்மொழித் தேர்வு. எனக்கு அது மூன்றாவது முறை. இதிலும் கோட்டை விட்டால் உதவித்தொகை போச்சு, மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர்போய்ச் சேரவேண்டியதுதான்.

எங்கள் தேர்வு எல்லோர் முன்னாலும் நடக்கும். முறை வராதவர்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்து, பேராசிரியர் மற்றவர்களிடம் கேட்கும் கேள்விகளைக் குறித்துக்கொள்வோம். பாதி படிப்பே அதுதான்.

மாலை 4.10. பேராசிரியர் ஸோர்ஸி காப்பி குடிக்கப் போனார். பின்னாலேயே அறை காலியானது.

"வாடி ஓர்னெல்லா, கிட்னி எங்கயும் ஓடிப்போயிடாது," என்றாள் கூடப் படிக்கும் ஜெம்மா.

"நீ போடி. எனக்கு இன்னும் கழுத்தே முடியல."

4.14. நிமிர்ந்தேன். தேர்வு நாற்காலியில் ஒருவன். முதுகு மட்டும் தெரிந்தது. எதிரே யார் என்று தெரியாதபடி அவன் மறைத்திருந்தான். பேராசிரியர் அதற்குள் வந்துவிட்டாரா? கதவுச் சத்தமே கேட்கவில்லையே... சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனாலும் பேனாவை எடுத்தேன். கேள்வி கிடைத்தால் விடுவேனா?

"நுரையீரல்?"

"காத்து போற எடமெல்லாம் தண்ணி."

"இதயம்?"

"வலப்பக்கம் வீங்கிக் கெடக்கு."

"இரைப்பை?"

"காலி. காலைல ஒண்ணும் சாப்பிடல."

இது படித்துவிட்டு வந்தவன் பேச்சா? என்னைக் குழப்ப ஜெம்மா கூட்டம் அனுப்பிய ஆளோ என்றுகூட நினைத்தேன். இருந்தாலும் எழுதினேன்.

சொட்... சொட்...

நாற்காலிக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. வெளியே மழை இல்லை.

"எந்த எலும்போடும் சேராத எலும்பு?"

"நாவடி எலும்பு. என்னோடது முறிஞ்சிருக்கு."

அப்போதுதான் உறைத்தது. கேட்டதும் அவன் குரல்... சொன்னதும் அதே குரல்...

பயத்தில் குனிந்து எழுதினேன்.

4.22. கதவு திறந்தது.

பேராசிரியர் வந்தார்.

நாற்காலி காலி.

"இவானோ பெர்தின்?" என்று கூப்பிட்டார். யாரும் எழுந்து வரவில்லை. பெயரை அடித்துவிட்டு என்னை அழைத்தார். கடைசியாகக் கேட்டார்:

"எந்த எலும்போடும் சேராத எலும்பு எது?"

"நாவடி எலும்பு, சார்."

"எப்ப முறியும்?"

"பெரும்பாலும்... கழுத்தை நெரிச்சா."

முப்பதுக்கு இருபத்தேழு. உதவித்தொகை தப்பியது. அழுதே விட்டேன்.

மறுநாள்தான் தெரிந்தது. இவானோவைத் தேர்வன்று நண்பகலிலேயே கால்வாயிலிருந்து பிணமாகத் தூக்கியிருந்தார்கள். பனிமூட்டத்தில் கால் வழுக்கி விழுந்தான் என்று போலீஸ் முடித்துவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு போலீஸிடம் ஓடினேன்.

கழுத்தை மறுபடி அறுத்துப் பார்த்தார்கள். நாவடி எலும்பு இரண்டாக முறிந்திருந்தது.

விசாரணை அதிகாரி நோட்டை மூடி மேசையில் வைத்தார்.

"டாக்டரே கவனிக்காத விஷயம். நெரிச்சவனுக்கு மட்டுந்தான் தெரியும். உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சது?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

நான்கு வருடம் ஆகிறது. நெரித்தவன் யாரென்று தெரியவில்லை. சந்தேகப் பட்டியலில் இன்றுவரை ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. என் பெயர்.