ஏரி நடுவில் வைத்த கல்

நான் கார் ஓட்டும் லட்சணத்தைச் சொல்லிச் சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். இதில் ஒரு வரிகூட நான் சேர்த்துச் சொல்லவில்லை. போன ஆனி மாதம், திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் வழியில், ஒரு காய்ந்த ஏரிக்குள் நடந்தது. அன்று என்னால் ஒரு மனிதர் சாகவிருந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது நான்தான். ஆனால் ஓட்டியது நான் இல்லை.

என் பெயர் கீர்த்தனா. வேங்கிக்காலில் பிரசாத் அண்ணா கார் ஆக்சஸரீஸ் கடை வைத்திருக்கிறார். அவரிடம் சிவப்பு நிறத்தில் ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. இரண்டே சீட். பின்சக்கரம் தள்ளும் வண்டி. பார்க்கத்தான் பந்தா, இன்ஜினில் பவர் கிடையாது. அதில் டிரிஃப்ட் அடிக்க, அதாவது பின்சக்கரத்தை வழுக்கவிட்டு வட்டமடிக்க, கற்றுக்கொடுங்கள் என்று ஒரு மாதமாக அவரை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

"பவர் கம்மியான வண்டிலதாம்மா கத்துக்கணும். கால எடுத்தா அடங்கிடும். உசுருக்கு ஆபத்தில்ல" என்பார்.

வழக்கமாகப் பழகும் மைதானத்தில் அன்று பந்தல் போட்டிருந்தார்கள். ஏரிக்குப் போகலாம் என்றேன். அவர் முகம் மாறியது.

"அந்த ஏரி வேணாம்."

"பயமாண்ணா?" என்று சீண்டினேன். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வண்டியை எடுத்தார்.

நாங்கள் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தூரத்தில் மலை கருத்திருந்தது. சுற்றிவர நடுவில் ஒரு அடையாளம் வேண்டும். பிளாஸ்டிக் கூம்பை கடையிலேயே மறந்துவிட்டோம். அவர் போனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நான் கரையோரம் தேடினேன். ஒரு கல்லை நட்டு வைத்திருந்தார்கள். மஞ்சள் பூசிக் காய்ந்த கறை. யாரோ பொங்கல் வைத்த அடுப்புக்கல் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் பிடுங்கித் தூக்கிக்கொண்டு வந்து ஏரியின் நடுவில் வைத்தேன்.

பிடுங்கிய இடத்தில் மண் ஈரமாக இருந்தது. மாதக்கணக்கில் மழை இல்லை...

பிரசாத் அண்ணா கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இருட்டில் அதை அவர் சரியாகப் பார்க்கவில்லை.

"என்னையே பாரு. நீ பாக்குற எடத்துக்குத்தான் வண்டி வரும். செகண்ட் கியரு. கிளட்ச்ச ஒதறி வுடு."

வலப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தேன். முதல் இரண்டு முறையும் வண்டி அணைந்துவிட்டது. மூன்றாவது முறை பின்பக்கம் வழுக்கியது. வண்டியின் மூக்கு உள்பக்கம் திரும்ப, ஹெட்லைட் வெளிச்சம் முழுக்க அவர் மேல் விழுந்தது. அவர் கையைத் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் நிழலைக் கவனித்தேன். அவர் ஒருவர்தான் நின்றார். தரையில் இரண்டு நிழல் சுற்றியது.

அடுத்த சுற்றில் ஒரு நிழல்தான் இருந்தது.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணி அது.

திரும்பிப் பார்த்தேன். சீட் காலி. ஆனால் மெத்தை அமுங்கியிருந்தது. வண்டிக்குள் ஆட்டுப் புழுக்கை வாடை குப்பென்று வந்தது.

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.

வண்டி அடங்கவில்லை.

பிரேக்கை மிதித்தேன். கல்லை மிதிப்பது போல் இருந்தது. சாவியைத் திருகினேன். இன்ஜின் நின்றது. மணிச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

ஆனாலும் வண்டி சுற்றியது.

வட்டம் சிறிதானது.

"போதும்மா! நிறுத்து!"

"முடியலண்ணா! ஓடுங்க!"

அவர் இடப்பக்கம் ஓடினார். வண்டி முன்னால் போய் மறித்தது. வலப்பக்கம் ஓடினார். அங்கேயும் மறித்தது. ஸ்டியரிங் என் கைக்குள் தானாகச் சுழன்றது. நான் அலறினேன். என் இடது காதுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள். வெகுநேரம் ஓடிக் களைத்தவன் வாங்கும் மூச்சு...

பிரசாத் அண்ணா கல் தடுக்கி விழுந்தார். ஹெட்லைட்டில் அந்த மஞ்சள் கறையைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் பக்கத்து சீட்டையே பார்த்தார்.

இரண்டு கையையும் கூப்பினார்.

"சடையா... வேணாண்டா..."

வண்டி நேராகப் போனது.

டம்.

மணிச் சத்தம் நின்றது.

அவர் சாகவில்லை. வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டேன் என்று போலீஸில் சொன்னேன். வேறு என்ன சொல்வது? வண்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு கோளாறும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கால் போனதைப் பற்றி ஒரு பேச்சும் பேசவில்லை.

"நான் சொன்ன அந்தப் பேர யாருக்கும் சொல்லிடாத" என்றார்.

அடுத்த வாரம் நல்ல மழை. ஏரியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அந்தக் கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம் என்று போனேன். கரையில் ஒரு அம்மா குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். பெயர் ஆராயி. பக்கத்து ஊர்.

"எம்புள்ள கருமாதிக் கல்லும்மா. கடைசி நாளு தண்ணியில வுடணும். அன்னிக்கி ஏரியில சொட்டுத் தண்ணி இல்ல. மழ வந்ததும் வுடலாம்னு இங்கியே நட்டு வெச்சோம். காணோமே..."

பிள்ளையின் பெயரைக் கேட்டேன். சடையன். ராத்திரியில் ஏரிக்குள் ஆடுகளைப் பட்டியில் மடக்கிக் காவல் படுத்திருந்தவன். நான்கு மாதத்துக்கு முன்பு ஏதோ ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. எந்த வண்டி என்று இன்றுவரை தெரியவில்லையாம்.

கல்லை நானே தேடி எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தண்ணீரில் விட்டார். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய், சொல்லாதே என்று பிரசாத் கெஞ்சிய பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன். இனி அந்த ஆளை அண்ணா என்று கூப்பிட என் நாக்கு எழும்பாது. ஒரு கால்தானே போனது என்றுதான் தோன்றுகிறது. தோன்றட்டும்.

ஏனென்றால் கல்லை விட்டுவிட்டுக் கரையேறும்போது அந்த அம்மா இதையும் சொன்னார்.

"தெரியாம அடிச்சிட்டான்னா மனசு ஆறிடும்மா. காலைல வந்து பாத்தோம்... தரையெல்லாம் வட்ட வட்டமா டயர் தடம். நடுவுல எம்புள்ள காலடி. இந்தாண்ட ஓடியிருக்கான், அந்தாண்ட ஓடியிருக்கான். எந்தப் பக்கமும் அவன வெளிய வுடல."