ஆறு கொடியும் எங்கள் தெருக் கொடியும்

பள்ளி ஆண்டு விழா என்று எங்காவது ஒலிபெருக்கி கேட்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆறாம் வகுப்பில் எங்கள் சரித்திர வாத்தியார் கண்டுபிடித்த நிகழ்ச்சிதான் காரணம். தஞ்சைச் சீமையில் பறந்த கொடிகள் என்று அதற்குப் பெயர். புலிக்கொடி, மீன்கொடி, மராட்டியர்களின் காவிக்கொடி, தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ்காரர்களின் கொடி, இங்கிலீஷ்காரன் கொடி, கடைசியில் மூவர்ணம். ஆளுக்கொரு கொடியோடு மேடையேறி இரண்டு வரி சொல்லிவிட்டு நிற்க வேண்டும்.

புலிக்கொடி மிராசுதார் வீட்டுப் பெண்ணுக்குப் போயிற்று. அவள் முகத்தில் ராஜகளை இருக்கிறதாம். மூவர்ணம் தலைமையாசிரியர் மகளுக்கு. இங்கிலீஷ்காரன் கொடியைத் தொட ஒருத்திக்கும் மனமில்லை. அது மிஞ்சியது. எங்கள் தெருவிலிருந்து படிக்கப் போன நான் ஒருத்தியும் மிஞ்சியிருந்தேன்.

"எங்க தெருவுல ஒரு கொடி இருக்கு சார். அதப் புடிச்சிக்கிறேன்" என்றேன்.

"அதெல்லாம் சரித்திரத்துல வராது. குடுத்ததப் புடி."

எங்கள் தெரு முனையில் மூங்கில் கம்பத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் செங்கொடி பறந்துகொண்டிருந்தது. அப்பா இளவட்டமாக இருந்தபோது கூட்டாளிகளோடு சேர்ந்து நட்ட கம்பம். பஸ் கண்டக்டர்கூட செங்கொடி முக்கு என்றுதான் குரல் கொடுப்பார். ராஜாக்களின் கொடிகளை நான் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன், இதைத் தினமும் பார்க்கிறேன். அது சரித்திரம், இது இல்லையா? எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. விழாவன்று காலையில் கயிற்றை அவிழ்த்துக் கொடியை இறக்கி, புத்தகப் பைக்குள் திணித்துக்கொண்டு போனேன்.

என் முறை வந்ததும் இங்கிலீஷ்காரன் கொடியைத் திரைக்குப் பின்னால் போட்டுவிட்டு, செங்கொடியோடு போய் மைக் முன்னால் நின்றேன்.

"இது எங்க தெருக் கொடி. இதுவும் தஞ்சாவூர்லதான் பறக்குது."

முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருந்த மிராசுதார் எழுந்தார். வாத்தியார் ஓடிவந்து கொடியைப் பிடுங்கினார். நாளைக்கே டி.சி. வாங்கிக்கொண்டு போகலாம் என்று தலைமையாசிரியர் மைக்கிலேயே சொன்னார்.

கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்த அப்பா மேடையை நோக்கி வந்தார். வயல் வரப்பில் இதே மிராசுதாரை மறித்து நியாயம் கேட்கிறவர் ஆயிற்றே, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கப் போகிறார் என்று நிமிர்ந்து நின்றேன். அவரோ தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மிராசுதார் முன்னால் குனிந்து நின்றார்.

"தெரியாமப் பண்ணிட்டுதுங்க. படிக்கிற புள்ள. நீங்கதான் மனசு வைக்கணும்."

மனசு வைத்தார்கள், டி.சி. தரவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில், "நீயெல்லாம் எதுக்குப்பா சங்கத்துல இருக்க?" என்று கேட்டேன். பத்து நாள் நான் அவரோடு பேசவில்லை. அம்மா திட்டிப் பார்த்தும் பேசவில்லை.

மீதி விஷயம், அப்பா இறந்த பிறகு சித்தப்பா சொல்லித்தான் தெரிந்தது. ஒரு காலத்தில் பண்ணைக்காரர்கள் முன்னால் எங்கள் ஆட்கள் தோளில் துண்டு போடக் கூடாது. கம்பம் நட்ட அன்று, இனி எவன் முன்னாலும் துண்டை இறக்குவதில்லை என்று இளவட்டங்கள் எல்லோரும் சத்தியம் செய்தார்களாம். அதற்காக அப்பாவைக் களத்து மரத்தில் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தவர் இந்த மிராசுதாரின் தகப்பனார். இறக்குகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவிழ்த்துவிடுவதாகச் சொல்லிச் சொல்லி அடித்தாராம். அப்பா சொல்லவில்லை.

அவர் அதை இறக்கியது பள்ளிக்கூடத்துப் பந்தலில்தான், நான் ஏழாம் வகுப்புக்குப் போக வேண்டும் என்பதற்காக. அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். அவரோடு பேசாமல் இருந்த பத்து நாளை என்ன செய்வதென்றுதான் எனக்குத் தெரியவில்லை.