அரக்கு மாளிகையில் தூங்கியவர்கள்

பங்குனி மாதம் மலையில் தீப்பிடித்தால், ராஜபாளையம் போகும் பஸ்ஸில் வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். அடிவாரத்தில் புகை படுத்துக் கிடக்கும். தென்னைகள் அதில் இடுப்பளவு மூழ்கி நிற்கும். அன்று அந்த அழகின் மேல் எனக்கு எரிச்சலாக வந்தது. முந்தின நாள் தீயணைக்க மலையேறிய தம்பி இன்னும் இறங்கவில்லை. கோடைக்கு மட்டும் வனத்துறை தினக்கூலிக்கு எடுக்கும் ஆள் அவன். மேலே டவர் கிடையாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஜெராக்ஸ் கடையில் வேலை முடிந்து திரும்பும் நேரம்தான் நான் படிக்கும் நேரம். மடியில் அந்தப் பழைய இதிகாசம். எல்லாரும் அதில் தர்மத்தைத் தேடுவார்கள். எனக்கோ, அரண்மனைக்கு விறகு சுமந்தது யார், சுரங்கம் தோண்டியவனுக்குச் சோறு கிடைத்ததா என்றெல்லாம்தான் ஓடும். "நீ கதை படிக்கியா, விசாரணை பண்ணுதியா?" என்று தம்பி கிண்டலடிப்பான்.

அன்று அரக்கு மாளிகை எரியும் இடம். தங்களைக் கொல்லக் கட்டிய மாளிகைக்குத் தாங்களே தீ வைத்துவிட்டு, ஐந்து ராஜகுமாரர்களும் தாயும் சுரங்கம் வழியே தப்பிவிடுகிறார்கள். விருந்துக்கு வந்த காட்டுக்காரி ஒருத்தி, தன் ஐந்து பிள்ளைகளோடு உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறாள். மறுநாள் அந்த உடல்களைப் பார்த்து, ராஜகுடும்பம் போய்விட்டதென்று ஊரே அழுகிறது. செத்தவர்களுக்காக யாரும் அழவில்லை. இத்தனை காலமும் தப்பியவர்கள் பின்னாலேயே நானும் ஓடிப்போயிருக்கிறேன். அன்றுதான் அந்த வீட்டுக்குள் நின்றேன். அவளுக்குக் கதையில் ஒரு பெயர்கூட இல்லை.

கண்ணை மூடினேன். புகை வாசம் ஜன்னலிலிருந்து வருகிறதா, புத்தகத்திலிருந்து வருகிறதா என்று தெரியவில்லை. அரக்கு உருகும் சுவர்களுக்கு நடுவே என் தம்பி குழந்தை போலத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பக் குரல் வரவில்லை.

"தீ அணைஞ்சிட்டாம்!" முன்சீட்டு அண்ணாச்சி போனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "ஆபீசருக எல்லாரும் பத்திரமா எறங்கிட்டாகளாம்."

"அப்பாடா" என்று பஸ் மறுபடி ஊர்க்கதைக்குத் திரும்பியது.

"அண்ணாச்சி, கூலிக்குப் போனவியளப் பத்தி என்ன போட்டிருக்கு?"

விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "அது ஒண்ணும் காணலியேம்மா."

அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறக்கப் பயமாக இருந்தது. பஸ் ராஜபாளையத்துக்குள் நுழையும்போது போன் அடித்தது.

"அக்கா, எறங்கிட்டேன். கால்ல கொப்புளம், வேற ஒண்ணுமில்ல."

போன உயிர் திரும்பி வந்தது. அழுதுவிட்டேன்.

"கூடப் போனவிய?"

"எல்லாரும் வந்துட்டோம்."

"யாரு யாரு? ஒவ்வொருத்தர் பேராச் சொல்லு."

"ஒனக்கு அவியளத் தெரியாதேக்கா. எதுக்கு?"

"சொல்லுலே."

சொல்ல ஆரம்பித்தான். ஒருவரையும் எனக்குத் தெரியாது. பஸ் நின்று எல்லாரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் என்னைப் பார்த்து விசில் ஊதினார். கடைசிப் பெயர் வரும்வரை நான் எழுந்திருக்கவில்லை.